குரங்குப் பலகையும் பெருச்சாளிப் பொந்தும்

டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் ரிக் வேலைக்குப் புதிதாக வரும் பையனுக்கு 'வார்ம்' என்று பெயர். புழு. "வி-டோர் சாவியை வாங்கிட்டு வா" என்று அவனை விரட்டுவார்கள். ஆளாளுக்கு இன்னொருவரைக் கைகாட்ட, அவன் மேடையைச் சுற்றிச் சுற்றி வருவான். வி-டோர் கதவே இல்லை. கீழே அடுக்கிய குழாய்களை மேலே இழுத்து ஏற்றுவதற்காகக் கோபுரத்தின் ஒரு பக்கத்தில் விட்ட திறப்பு அது. அன்று சிரிப்புக்கு ஆளானாலும், மேடையில் எது எங்கே இருக்கிறது என்பது பையனுக்குப் பாடமாகிவிடும்.

சுற்றிலும் இரும்பு, காது கிழியும் இரைச்சல். ஆனால் பேச்சில் மட்டும் ஒரு காடே நடமாடுகிறது. மேலே ஏற்ற வேண்டிய குழாயைக் கிடத்தும் நடைமேடை 'கேட்வாக்', கயிறு சுற்றி இழுக்கும் உருளை 'கேட்ஹெட்', ஆட்கள் ஒதுங்கும் தகரக் கொட்டகை 'டாக்ஹவுஸ்'. மேடைத் தரையில் இரண்டு குழிகள் உண்டு. அடுத்து இணைக்க வேண்டிய குழாய் காத்து நிற்பது 'மவுஸ்ஹோல்'. கெல்லி எனப்படும் பட்டைக் குழாயைத் துளையிடாத நேரத்தில் இறக்கி வைப்பது 'ராட்ஹோல்'. சுண்டெலிக்கு ஒன்று, பெருச்சாளிக்கு ஒன்று. எது பெரிய குழி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

துளைக்கும் 'பிட்' தேய்ந்துவிட்டால் மொத்தக் குழாயையும் உருவியெடுத்து, பிட்டை மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். இதற்கு 'ட்ரிப்' என்று பெயர். போர்வெல் வண்டி ராடு ராடாக இறக்குவதை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இந்த வேலை ஓரளவு பிடிபடும். இங்கே ஒரு குழாய் சுமார் 30 அடி. மூன்று சேர்ந்தது ஒரு 'ஸ்டாண்ட்'. 10,000 அடிக் கிணறு என்றால் 110 ஸ்டாண்டுக்கு மேல். ஒவ்வொன்றையும் தரையில் நிற்கும் 'ரஃப்நெக்'குகள் இடுக்கி போட்டுக் கழற்ற, உச்சியில் 'மங்கி போர்டு' என்ற பலகையில் இடுப்பு வாரோடு சாய்ந்து நிற்கும் டெரிக்மேன் அதன் தலையைப் பிடித்து ஓரமாக நிறுத்துவார். அங்கிருந்து ஏதாவது நழுவினால் "ஹெட்ஏக்!" என்று ஒரு கத்தல். தலைவலி! கீழே இருப்பவர் அண்ணாந்து பார்க்காமல் விலகி ஓட அந்த ஒரு சொல் போதும்.

என் ரசனையில் முதலிடம் 'ஃபிஷ்' என்ற சொல்லுக்குத்தான். முறிந்த குழாயோ, கழன்ற பிட்டோ, கை தவறிய ஸ்பானரோ, கிணற்றுக்குள் சிக்கிய கணத்திலிருந்து எல்லாம் மீன். அதை எடுப்பது 'ஃபிஷிங்'. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், துளையிடும்போது கிணற்றில் நிரப்பும் சேற்றுக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடும் வேலை. முதலில் அடியில் ஈயம் வைத்த ஒரு கட்டையை இறக்கி, மீனின் தலையில் அழுத்தி மேலே எடுப்பார்கள். ஈயத்தில் பதிந்த தழும்பைப் பார்த்து, மீன் நேராக நிற்கிறதா, சுவரில் சாய்ந்திருக்கிறதா, தலை கிழிந்திருக்கிறதா என்று சொல்லும் கை தேர்ந்தவர்கள் உண்டு. பிறகு வெளிப்புறமாகக் கவ்வ 'ஓவர்ஷாட்' அல்லது உள்ளே நுழைந்து பிடிக்க 'ஸ்பியர்' இறங்கும். மேலே எடை காட்டும் முள் ஏறினால் மீன் மாட்டியது. நாள்கணக்கில் போராடியும் மாட்டவில்லையென்றால், மீனை அங்கேயே விட்டு, சிமென்ட் அடைத்து, பக்கவாட்டில் புதுத் துளை போடுவார்கள்.

கம்பியிலோ கயிற்றிலோ கட்டிய கனத்த உளியைத் தூக்கிப் போட்டுப் பாறையை உடைத்த காலத்துச் சொல் இந்த 'ஃபிஷ்'. கயிறு அறுந்தால் உளியைத் தூண்டில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக்குக்காகக் கொல்லர் 'அங்கிள் பில்லி' ஸ்மித் 69½ அடியில் எண்ணெய் கண்டதும் அந்த உளி முறையில்தான். சுழல் துரப்பணம் வந்து, 1901இல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப் எண்ணெய்க் கிணறு பீறிட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த பிறகும் மீன் என்ற சொல் போகவில்லை. பணிமுறைக்கு 'டூர்' என்று எழுதிவிட்டு 'டவர்' என்று உச்சரிக்கும் வழக்கமும் அப்படியே நிற்கிறது.

இவர்கள் கிணற்றை உயிருள்ளதாகவே பேசுகிறார்கள். பாறையின் அழுத்தம் சேற்றின் எடையை மிஞ்சி, வாயுவோ எண்ணெயோ உள்ளே புகுந்தால் கிணறு 'கிக்' கொடுத்தது, அதாவது உதைத்தது. கனமான சேறு இறக்கி அடக்கினால் அதைக் 'கில்' செய்தார்கள். இதை வெறும் வீராப்பு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடையில், உதையை உரிய நேரத்தில் கவனிக்காமல் விட்டதில் 11 பேர் இறந்தார்கள். அங்கே அந்தச் சிறிய சொல் ஓர் எச்சரிக்கை மணி.

இப்போது குழாயை மேலிருந்தே சுழற்றும் 'டாப் டிரைவ்' வந்து பெரும்பாலான இடங்களில் கெல்லியை ஓரங்கட்டிவிட்டது; அங்கெல்லாம் பெருச்சாளிப் பொந்துக்கும் வேலை இல்லை. சுண்டெலிப் பொந்து மட்டும் குழாய் கோப்பதற்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. இடுக்கி போட்டுக் குழாய் கழற்றும் வேலையைப் பல மேடைகளில் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அந்த இயந்திரத்துக்கு ரிக்காரர்கள் வழங்கும் பெயர் 'அயர்ன் ரஃப்நெக்'.