ஆளற்ற அரங்கிலிருந்து ஒரு நேரலை

நேரலை நிகழ்ச்சிக்கு உயிர்நிலை எது என்ற வினாவுக்கு, 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலம் அளித்ததைப் போன்ற தெளிவான விடையைத் தொலைக்காட்சியின் முந்தைய சரித்திரம் அளித்ததில்லை என்பது என் அபிப்பிராயம். கலைஞர்கள் ஆறடி விலகி நிற்க நேர்ந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருவர் வாய்திறந்த கணத்திலேயே மற்றவர் கேட்டு நெகிழ்ந்தோ நகைத்தோ எதிர்வினை புரியும் ஏககாலத் தன்மை அறுந்துபோனதைத்தான் எளிதில் ஈடுசெய்ய முடியவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி அக்காலத்தில் கையாண்ட யுக்திகளை இந்த அளவுகோலால் மதிப்பிடுவதே நியாயம்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் கட்டடத்து 8எச் அரங்கிலிருந்து 1975 முதல் ஒளிபரப்பாகிவரும் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியில், கூடியிருப்போரின் சிரிப்பு எழுந்து அடங்கும் வேளையை அறிந்தே நடிகர்கள் அடுத்த வசனத்தை எடுப்பார்கள். மார்ச் 7-க்குப் பின் அரங்கம் மூடப்பட்டுவிடவே, நடிகர்கள் தத்தம் வீட்டில் படம்பிடித்த காட்சிகளின் தொகுப்பாக ஏப்ரல் 11 அன்று அது திரும்பி வந்தது. ஆஸ்திரேலியாவில் அதே நோய்க்கு ஆளாகிக் குணமடைந்திருந்த நடிகர் டாம் ஹாங்க்ஸ், தம் வீட்டுச் சமையலறையில் கோட்டணிந்து நின்று முகவுரை நிகழ்த்தினார். மரண பயத்தில் ஆழ்ந்திருந்த ஜனங்களுக்கு அந்த முகமே பெரிய ஆறுதல். அதற்காக அம்முயற்சியை மனமாரப் போற்றுகிறேன். ஆயினும் அங்கு காட்டப்பட்டவை முன்பதிவுகள். செய்திப் பகுதியை நடத்திய காலின் ஜோஸ்டும் மைக்கேல் சேயும் இணையத் தொடர்பில் நண்பர்கள் சிலரைக் கேட்கவைத்து அவர்களுடைய சிரிப்பையும் உடன் ஒலிக்கச் செய்தபோது, சிரிப்பவர் இல்லாமல் ஹாஸ்யம் நடவாது என்ற உண்மை வெளிப்பட்டது.

ஹாஸ்யத்தைவிடச் சங்கீதம் பட்ட பாடு அதிகம். சேர்ந்து வாசிப்போரிடையே ஏறத்தாழ 25 முதல் 30 மில்லி விநாடிக்கு மேல் ஒலி பிந்தினால் தாளம் குலையும். காணொளி உரையாடல்களில் நேரும் தாமதமோ அதைப்போலப் பன்மடங்கு. ‘அமெரிக்கன் ஐடல்’ பாட்டுப் போட்டி ஏப்ரல் இறுதியில் வீடுகளுக்கு மாறியபோது, போட்டியாளர்களுக்குக் கைப்பேசிகளும் விளக்குகளும் அனுப்பி, பாடகரையும் வாத்தியக்காரர்களையும் தனித்தனியே பதிவுசெய்து பின்னர் இணைத்தார்கள். கேட்பதற்குக் குறையில்லை, ஆனால் பாடகரின் மூச்சறிந்து பக்கவாத்தியம் பின்தொடர்கிற அந்த உறவு எந்தத் தொகுப்பிலும் கிட்டாது. போட்டி என்ற முறையிலும் ஒரு நீதிக்குறை உண்டு: அரங்கம் எல்லோருக்கும் ஒரே ஒளியையும் ஒரே ஒலியையும் தந்தது, வீடோ அவரவர் வசதியைக் காட்டிக்கொடுத்தது. அவ்வாண்டு வென்ற ஜஸ்ட் சாம், நியூயார்க்கிலிருந்த தம் பாட்டிக்கு நோய் தொற்றிவிடலாகாதே என்று லாஸ் ஏஞ்சலிஸிலேயே தங்கிப் பாடியவர். அத்தகைய தனிமையில் பாடுவதையும் குடும்பத்தார் சூழப் பாடுவதையும் ஒரே தராசில் நிறுப்பது எளிய காரியமா?

இவற்றோடு ஒப்பிடுகையில், செப்டம்பர் 20 அன்று நடந்த, தொலைக்காட்சிக்கான எம்மி விருது விழாவை நான் உயர்வாகவே மதிக்கிறேன். ஆளற்ற ஸ்டேப்பிள்ஸ் சென்டர் அரங்கில் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மெல் நிற்க, பரிந்துரை பெற்றோரின் இருப்பிடங்களிலிருந்து சுமார் 130 கேமராக்களின் காட்சிகளை வரவழைத்து, எங்கேனும் ஓர் இணைப்பு அறுந்தால் உலகமே காணும் என்ற அபாயத்தை அதன் அமைப்பாளர்கள் தெரிந்தே ஏற்றார்கள். பழைய விழாக்களின் கூட்டக் காட்சிகளை முதலில் காட்டினாலும், உடனே வெறும் இருக்கைகளையும் காட்டி உண்மையை வெளியிட்டுவிட்டார்கள். ஆகவே அதை வஞ்சனை என்று சொல்ல மனம் வரவில்லை. கிருமி நீக்குவதாகப் பாவித்துக் குப்பைக்கூடையில் கிம்மெல் எரித்த, வெற்றியாளர் பெயர் கொண்ட உறையை நடிகை ஜெனிபர் ஆனிஸ்டன் அணைத்த பின்பும் தீ மீண்டும் மீண்டும் பற்றியபோது, பார்த்திருந்தவர்களுக்கு அடுத்து என்ன நேருமோ என்ற பதைப்பு உண்டாயிற்றே, அதுவே நேரலையின் லட்சணம். விருது பெற்றவர்கள் தம் வீட்டாரின் ஆரவாரத்தின் நடுவே கண்ணீர் மல்கியதும் வழக்கமான விழா மேடையில் காணக்கிடைக்காத காட்சியாகும். பேச்சு, ஒரு விநாடித் தாமதத்தைத் தாங்கும். பாட்டும் சிரிப்பும் தாங்கா. விழாவின் பெரும்பகுதி பேச்சாக அமைந்ததும் அதன் வெற்றிக்கு ஒரு காரணம்.

அக்டோபர் 3 அன்று ‘சாட்டர்டே நைட் லைவ்’ தன் அரங்குக்குத் திரும்பிற்று. ஊதியம் பெறும் ஊழியரும் கலைஞருமே படப்பிடிப்புக் கூடத்தில் இருக்கலாம் என்ற நியூயார்க் மாநில விதியை அனுசரித்து, அங்கு அமர்ந்த பார்வையாளருக்குத் தலைக்கு 150 டாலர் கொடுத்து அவர்களையும் பணியாளராகக் கணக்கிட்டார்கள். சுகாதார நோக்கில், விதியின் இடுக்கில் நுழைந்த இந்த ஏற்பாட்டைக் குறைகூற இடமுண்டு. தொற்று நபரின் சம்பளத்தைப் பார்த்து விலகிப்போவதில்லை. ஆனால் கலையின் நோக்கில், ஒவ்வொரு வாரமும் நடிகரின் வேகத்தையும் நிறுத்தத்தையும் நிர்ணயித்து, நிகழ்ச்சியின் பாதி உழைப்பைக் கூலியின்றிச் செய்துவந்தவர்களுக்கு அவர்களுடைய பங்கு முதன்முறையாகக் கணக்கிட்டுத் தரப்பட்டது என்றே அதைக் கொள்கிறேன்.