இயந்திரம் மீண்டும் வந்தது; விஞ்ஞானி வரவில்லை

விஞ்ஞானக் கற்பனைப் படம் ஒன்றைப் பற்றி ரசிகர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து வாதாடுவது புதிதன்று. ஆயினும், 2019-இல் வெளிவந்த ‘டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்’ என்னும் அமெரிக்கப் படத்தைப் பற்றி எழுந்த வாதம், விஞ்ஞானம் பயில்வோர் கூர்ந்து கவனிக்கத் தக்கது.

கதையை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய முதற்படம் 1984-இல் வந்தது. ஸ்கைநெட் என்னும் கணிப்பொறி மனித இனத்தை அழிக்க முற்படுகிறது; அதை எதிர்த்து நிற்கும் தலைவன் ஜான் கானர். அவன் பிறக்கவே கூடாது என்பதற்காக, அவன் தாய் சாராவைக் கொல்ல, 2029-ஆம் ஆண்டிலிருந்து மனித உருவில் ஓர் இயந்திரம் கடந்த காலத்துக்கு அனுப்பப்படுகிறது. 1991-இல் வந்த இரண்டாம் படத்தில் அதே உருவமுடைய இயந்திரம் சிறுவன் ஜானின் காவலனாக வருகிறது. பின்னர் 2003, 2009, 2015 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள் வந்தன. டிம் மில்லர் இயக்கிய 2019 படமோ, அந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, இரண்டாம் படத்தின் முடிவிலிருந்தே கதையைத் தொடர்கிறது.

ரசிகர்களுள் ஒரு சாரார் மகிழ்ந்தனர். 1991-க்குப் பின் இத்தொடரின் படங்களில் முகங்காட்டாதிருந்த லிண்டா ஹாமில்டன், முதுமையும் கசப்பும் நிறைந்த சாராவாக மீண்டும் வந்தார். மற்றொரு சாரார் கொதித்தெழுந்தனர். ஏனெனில், படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, 1998-இல் நடப்பதாகக் காட்டப்படும் காட்சியில், சிறுவன் ஜான் கொல்லப்படுகிறான்! இன்னும் சிலர், பழைய துரத்தலும் பழைய தியாகமுமே திரும்ப வந்தன என்று சலித்துக்கொண்டனர். 18 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட படம் உலகெங்கும் சுமார் 26 கோடி டாலரே ஈட்டியது. அரங்குகளின் பங்கு போனால் நட்டமே.

இந்தக் கோபத்தின் காரணம் என்ன? படத்தில் விஞ்ஞானப் பிழைகள் இருப்பதாலா? இல்லை என்பதற்கு ஒரு கணக்கே சான்று.

இரண்டாம் படத்தின் இறுதியில் காவலன் இயந்திரம் உருக்கிய எஃகினுள் இறங்கி மூழ்குகிறது. உருகிய எஃகின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 7,000 கிலோகிராம். ஆர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் போன்ற பெரிய உடலின் பருமன் ஏறக்குறைய 0.1 கன மீட்டர். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, அது தானே மூழ்க வேண்டுமெனில் அதன் நிறை 700 கிலோகிராமுக்கு மேல் இருத்தல் வேண்டும். அதாவது ஒரு சிறிய காரின் நிறை! அத்தகைய உடல் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறந்தது எங்ஙனம்? நிறை அதைவிடக் குறைவெனில், எஃகின்மேல் அது கட்டைபோல் மிதந்திருக்கும். என் மாணவர்களுக்கு இதை ஒரு கணக்காகவே கொடுப்பதுண்டு. விடை கண்டபின் சிரிக்கிறார்கள். ஆனால் அக்காட்சியில் கண் கலங்கியதற்காக ஒருவரும் வருந்துவதில்லை.

ஆகவே, பௌதிக விதி மீறப்படுவதை ரசிகர் மன்னிக்கிறார். கதை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதி மீறப்படுவதைத்தான் மன்னிப்பதில்லை. அந்த எஃகுக் குழம்பில் இயந்திரம் இறங்கியது எதற்காக? தன் தலையிலுள்ள சில்லு எஞ்சினால் ஸ்கைநெட் மீண்டும் உருவாகும் என்பதற்காக. ஜானின் எதிர்காலத்துக்குக் கொடுத்த விலை அது. அடுத்த படம் ஐந்து நிமிடத்தில் ஜானைக் கொன்றபோது, கொடுத்த விலை செல்லாக் காசாயிற்று. கோபித்தவர்களின் கட்சியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எதிர்க்கட்சியும் வெறுங்கட்சி அன்று. புதிய படத்தில் ஸ்கைநெட் உண்மையிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. எனினும், வேறொரு காலத்தில், லீஜியன் என்ற வேறொரு இயந்திர அறிவு தோன்றி அதே அழிவைச் செய்கிறது. ‘இது பழைய கதையே’ என்று பலர் எள்ளினர். விஞ்ஞான வரலாறு அறிந்தவர் அவ்வாறு எள்ள மாட்டார். நெப்டியூன் கோள் இருக்குமிடத்தை ஆடம்ஸ், லெவெரியே ஆகிய இருவரும் தனித்தனியே கணக்கிட்டனர். 1846-இல் கோள் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக்சிஜனை ஷீலேயும் பிரீஸ்ட்லியும் தனித்தனியே கண்டனர். காலம் கனிந்துவிட்டால், ஒருவர் கையில் தவறுவது மற்றொருவர் கையில் விழும். ஓர் ஆய்வுக்கூடத்தைத் தகர்த்தால் ஓர் அறிவே உலகிலிருந்து மறைந்துவிடும் என்ற இரண்டாம் படத்தின் நம்பிக்கையைவிட, புதிய படத்தின் எண்ணமே வரலாற்றுக்கு நெருங்கியது.

அப்படியானால் படம் எங்கே தவறிற்று? என் கருத்தில் குறை வேறிடத்தில் உள்ளது. இரண்டாம் படத்தில் மைல்ஸ் டைசன் என்றொரு விஞ்ஞானி வருகிறார். அவருக்கு மனைவியும் மகனும் உண்டு. வேலையில் மோகமும் உண்டு. தம் கண்டுபிடிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அறிந்ததும் அவர் நடுங்குகிறார். பிறகு தம் வாழ்நாள் உழைப்பைத் தாமே அழிக்க முன்வந்து உயிர் துறக்கிறார். துப்பாக்கிச் சத்தங்களுக்கு நடுவே நம் மனத்தில் நிற்கும் பாத்திரம் அவர். புதிய படத்தில் லீஜியனைச் செய்தவர் யார்? இணையப் போருக்காக உருவாக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே கிடைக்கிறது. ஒரு முகமில்லை, ஒரு பெயரில்லை. தொழிற்சாலையில் கதாநாயகியின் தம்பி நின்ற இடத்தில் இயந்திரம் வந்து நிற்கும் நல்ல காட்சி ஒன்று தொடக்கத்தில் வருகிறது. அதை வைத்தவர் யார், ஏன் என்று கேட்காமல் படம் துரத்தலில் இறங்கிவிடுகிறது. இயந்திரம் புயலைப் போலத் தானே வருகிறது; மனிதர் ஓடுவது ஒன்றே வழி!

புயலை யாரும் செய்வதில்லை. இயந்திரத்தையோ மனிதர் செய்கின்றனர். இவ்வேறுபாட்டை மறைக்கும் கதை, எத்தனை விறுவிறுப்பாக இருப்பினும், இளைஞருக்குத் தவறான பாடத்தையே கற்பிக்கும். ‘நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான், எனக்கென்ன பொறுப்பு?’ என்பதே அப்பாடம்.

இதற்கு வரலாறு தரும் விடை ஒன்று உண்டு. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய பௌதிக விஞ்ஞானி ஜோசப் ராட்பிளாட், ஜெர்மனி அணுகுண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும் 1944-இல் அதிலிருந்து விலகினார். அவர் விலகியதால் குண்டு நின்றுவிடவில்லை. 1945-இல் ஹிரோஷிமா எரிந்தது. அதனால் அவர் செயல் வீணாயிற்றா? இல்லை. 1957-இல் தொடங்கிய பக்வாஷ் மாநாடுகளின் மூலம், பகை நாட்டு விஞ்ஞானிகளை ஒரே மேசையில் அமரச் செய்து, அணு ஆயுதக் கட்டுப்பாட்டுக்காக அவர் பல்லாண்டு உழைத்தார். 1995-இல் அவருக்கும் அம்மாநாடுகளுக்கும் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது. அறிவைத் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் அது எவ்வாறு பயன்பட வேண்டும் என்ற வழக்கில் சாட்சி சொல்ல ஒருவர் நிற்க முடியும்.

இத்தகைய ஒருவர் இல்லாததே ‘டார்க் ஃபேட்’ படத்தின் பெருங்குறை. சண்டைக் காட்சிகளை விரும்பியவர்களும் ஜானுக்காக வருந்தியவர்களும் இதை அதிகம் பேசவில்லை. செயற்கை அறிவு நாள்தோறும் செய்தியாகும் இக்காலத்தில் 1991 படத்தையும் 2019 படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்த்தால், மாணவர்கள் ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கட்டும்: இந்த இயந்திரத்தைச் செய்தவர் யார்? முதற் படத்தில் விடை கிடைக்கும். அடுத்ததில் கிடைக்காது. அந்த விடை தம் காலத்தில் தாமாகவே இருக்கக்கூடும் என்பதை அவர்கள் உணர்ந்தால், தோல்வியுற்ற ஒரு படமும் பயன் தந்ததாகும்.