அன்றாட வாக்கியத்தின் இலக்கணம்

பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் அறியாத தமிழ் வாசகர்கள் அபூர்வம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற அந்த ஐவரும் பாட்டி வாயிலாகவோ பாடப் புத்தகத்தின் மூலமாகவோ நம் எல்லோருக்கும் பழக்கமானவர்கள். ஆனால் அந்தக் கதை நமக்காக எழுதப்பட்டது அல்ல. தமிழ் கற்கவந்த ஐரோப்பியப் பாதிரிமாரின் பயிற்சிக்காக, லத்தீன் மொழிபெயர்ப்போடு வீரமாமுனிவர் எழுதிவைத்தது அது. 1822-ல் பெஞ்சமின் பாபிங்டன் அதை லண்டனில் அச்சிட்டபோதும் ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்களுக்குப் பொருள், முதல் கதைக்குச் சொற்பகுப்பு எல்லாம் சேர்த்து, பாஷை கற்கிறவனுக்கான புத்தகமாகவே வெளியிட்டார். தமிழில் பிரசித்தமான ஹாஸ்யக் கதை ஒன்று இலக்கணப் பாடத்துக்குத் துணையாகப் பிறந்தது என்பதை விமரிசகர்கள் ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வசனம் எழுதுகிறவன் சற்று நின்று யோசிக்க வேண்டிய விஷயம் அது என்பது என் அபிப்பிராயம்.

இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி பாதிரியார் தமிழ்நாட்டுக்கு வரும்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள ஆவூர், அவர் பணியாற்றிய ஊர்களில் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மதுரை மிஷனுக்கு அங்கே கோயில் இருந்தது. அந்தப் பக்கத்துக் குடியானவனிடம் பேச வேண்டுமானால் நன்னூல் போதாது. பண்டிதரிடம் பாடம் கேட்டுக் கற்ற தமிழ் வேறு, வாசலில் வந்து நிற்கிறவன் பேசுகிற தமிழ் வேறு என்பதை அவர் கண்டுகொண்டார். செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் பேச்சு வழக்குத் தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியே லத்தீனில் எழுதினார். இரண்டாவது நூல், 1738-ல், தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தரங்கம்பாடி அச்சுக்கூடம் லுத்தரன் மிஷனுடையது. அவர்களைக் கண்டித்து அவர் நூல்களே எழுதியிருக்கிறார். எதிரியின் இலக்கணமாயிருந்தாலும் உபயோகமான இலக்கணம் வேண்டியிருந்தது அவர்களுக்கு!

அந்த நூலில் எனக்கு ஒரு குறை உண்டு. பேச்சுத் தமிழுக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் கொடுந்தமிழ். பண்டிதர்கள் வைத்த பெயரையே அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார். கோணலான தமிழ் என்று சொல்லிக்கொண்டே அந்தக் கோணலுக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்துக் காட்டினார். பெயரில் பண்டிதருக்கு இணங்கினாலும் காரியத்தில் ஜனங்களோடு நின்றார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

நமக்குத் தெரியாத எதை வெளியூர்க்காரன் நம் பாஷையில் கண்டுவிட முடியும் என்று கேட்கலாம். எனக்குப் பசிக்கிறது என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாத நாள் நம் வாழ்வில் கிடையாது. இதில் எழுவாய் எங்கே என்று நாம் கேட்டுக்கொண்டதும் கிடையாது. ஆங்கிலேயன் முதல் நாளே கேட்பான். நான் பசியாக இருக்கிறேன் என்பது அவன் வழக்கம். பசி என்னும் காரியத்தைத் தமிழன் தான் செய்வதாக நினைக்கவில்லை, அது தனக்கு வந்து சேர்வதாக நினைக்கிறான் என்று விளக்கினால்தான் அவனுக்குப் புரியும். அதேபோல, எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பதற்குப் பதிலாக, ஆங்கில வழியிலே ஒரு தங்கையை வைத்திருக்கிறேன் என்று அவன் சொல்லிவிட்டால், கேட்டவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து அவன் நான்காம் வேற்றுமையை ஆயுள் முழுவதும் மறக்க மாட்டான்.

உலகத்தில் இந்த விசித்திரம் நமக்கு மட்டும் உரியதென்று பெருமைப்படவும் வேண்டாம். போலந்து பாஷையைக் கற்கப் புகும் ஆங்கிலேயனும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறான். குளிர்கிறது என்பதற்குப் போலந்துக்காரன் 'ஜிம்னோ மி' என்கிறான். குளிர் எனக்கு என்று அர்த்தம். நம் எட்டு வேற்றுமைக்கு அங்கே ஏழு. அவற்றில் விளி வேற்றுமையும் ஒன்று. அம்மாவுக்கு அவர்கள் சொல்லும் சொல் 'மாமா'; கூப்பிடும்போது அது 'மாமோ' ஆகிவிடும். மரியாதையாகப் பேசும்போது, 'நீ' என்பதற்குப் பதிலாக, ஐயா வருகிறாரா என்று எதிரே நிற்கிறவரிடமே படர்க்கையில் கேட்கிறார்கள். நம் பண்ணை வீடுகளில் கேட்ட குரல்தான்! திணைப் பாகுபாடுகூட ஒரு மாதிரி உண்டு. பன்மையில், ஆண்களுக்கும் ஆண் ஒருவனாவது கலந்த கூட்டத்துக்கும் ஒரு வடிவம். பெண்கள், குழந்தைகள், விலங்குகள், மேஜை நாற்காலி எல்லாவற்றுக்கும் சேர்த்து மற்றொரு வடிவம். பெண்ணையும் உயர்திணையில் வைத்த நம் இலக்கணகாரர் இந்த ஒரு விஷயத்திலாவது மேல் என்று வாசகிகள் சந்தோஷப்படலாம்.

இந்தப் பாஷையில் பிறந்தவர்தான் ஜோசப் கான்ராட். இருபது வயதுக்குப் பிறகே ஆங்கிலம் கற்று, ஆங்கிலேயரே வியக்கும் நாவல்களை எழுதினார். கடைசிவரை அவர் உச்சரிப்பில் போலந்து வாடை போகவில்லை என்று சொல்லுவார்கள். அன்னிய பாஷையை வளர்ந்தபின் கற்கிறவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடை போட்டுக் கைக்கொள்கிறான். வீரமாமுனிவருக்கும் கான்ராடுக்கும் பொதுவான பாக்கியம் அது என்று நினைக்கிறேன். பிறந்த பாஷையில் எழுதுகிற நாம் முயன்றுதான் அதைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

அப்படி எடைபோட்டுப் பார்த்தால் கதாசிரியனுக்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சமல்ல. மாப்பிள்ளை வந்தான், வந்துவிட்டான், வந்து சேர்ந்தான், வந்து தொலைத்தான். நாலும் ஒரே செய்திதான். ஆனால் சொன்னவள் மாமியாரா, மனைவியா, கடன் கொடுத்தவளா என்று துணைவினையிலிருந்தே ஊகித்துவிடலாம். நாங்கள், நாம் என்ற இரண்டையும் பாருங்கள். புதிதாக வந்த மருமகள் பிறந்த வீட்டைப்பற்றி 'எங்க வீட்டிலே' என்று பேசிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் புகுந்த வீட்டைப்பற்றி அவள் வாயிலே 'நம்ம வீடு' என்று வந்துவிட்டால், ஒரு நாவலை அங்கே முடித்துவிடலாம். ஆங்கிலத்திலும் போலந்து பாஷையிலும் இரண்டுக்கும் ஒரே சொல். மொழிபெயர்ப்பவன் கை பிசைய வேண்டியதுதான். திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் 'அவுக வந்தாக' என்று ஓர் ஆச்சி சொல்லும்போது அந்த விகுதியில் இருக்கிற மரியாதையும் உறவும் 'அவர் வந்தார்' என்று திருத்தி அச்சிட்ட பக்கத்தில் இருப்பதில்லை.

வீரமாமுனிவரின் மேதைக்குச் சாட்சி கேட்டால் பண்டிதர்கள் தேம்பாவணியைக் காட்டுவார்கள். மூவாயிரத்து அறுநூறுக்கு மேல் செய்யுட்கள், உயர்ந்த காவியந்தான். ஆனால் அதைத் தொட்டவர்கள் எத்தனை பேர்? பரமார்த்த குருவை வாசித்துச் சிரிக்காதவர்கள் எத்தனை பேர்? காவியத்தில் அவர் தமிழ்ப் பண்டிதர்களோடு போட்டி போட்டார். கதையிலோ, கற்கிறவனுக்கு விளங்க வேண்டும் என்ற ஒரே கவலையோடு வாக்கியம் அமைத்தார். அந்தக் கவலை நடையைத் தெளிவாக்கியது. முதல் தமிழ் நாவல் 1879-ல் அச்சாவதற்கு நூற்றுமுப்பது வருஷங்களுக்கு முன்னரே, சிரிக்கவைக்கும் வசனம் தமிழில் சாத்தியம் என்று காட்டிவிட்டது. அதன் நடை இன்று சற்றுப் பழையதாகத் தோன்றலாம். பாத்திரங்கள் வெறும் பொம்மைகள் என்பதும் உண்மை. ஆனால் அன்றாட வாக்கியத்துக்குக் கதை சொல்லும் சக்தி உண்டு என்பதற்கு அது நல்ல அத்தாட்சி.

ஆற்றைத் தாண்டிய பிறகு சீடர்கள் தலை எண்ணுகிற கட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு பேர் போனார்கள். யார் எண்ணினாலும் ஐந்துதான் வருகிறது. எண்ணுகிறவன் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. வழியே போன ஒருவன் ஆளுக்கு ஓர் அடி கொடுத்து எண்ணியபோதுதான் கணக்குச் சரியாக வந்தது. இங்கிலாந்தில் கோதம் ஊர்க் கதைகளிலும் இந்த வேடிக்கை உண்டு. எந்த நாட்டு மூடனுக்கும் பொருந்தும். நம் இலக்கணப் பாடமும் இப்படித்தான் நடந்து வருகிறது. செய்யுளில் உள்ளதை எல்லாம் எண்ணுகிறோம். நம் வாயில் வருகிற வாக்கியத்தை எண்ணுவதில்லை. போப்பையர் வழக்குத் தமிழுக்குப் பாடநூல் எழுதினார். ஆர்டன் பாதிரியார் 1891-ல் எழுதினார். வழியே போனவர்கள் எண்ணிக் கொடுத்த கணக்கு இது.

இப்போது இது பழங்கதையாக இல்லை. சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பேரனும், டொராண்டோவில் பிறந்த பேத்தியும் தமிழை அன்னியனைப்போலக் கற்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. அவர்கள் கையில் நாம் கொடுப்பது பெரும்பாலும் புணர்ச்சி விதியும் மனப்பாடச் செய்யுளுந்தான். ஆகுபெயரின் வகைகளை ஒப்பித்துவிட்டு, பாட்டியிடம் 'நான் பசி' என்று நிற்கிறது குழந்தை. பாட்டி சிரிக்கிறாள், குழந்தை வெட்கப்பட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. நம்மிடையே பாஷை கைநழுவுகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

துரைமாருக்காக அந்தக் காலத்தில் எழுதிய உரையாடல் புத்தகங்கள் பலவற்றில் குதிரையைக் கொண்டுவா, விளக்கை அணை என்ற ஏவல் வாக்கியங்கள் மலிந்திருக்கும். அதிலே கற்றவனுக்குக் கட்டளையிடத்தான் வரும். நம் குழந்தைகளுக்கு வேண்டியது சாப்பிட்டாயா, உடம்புக்கு என்ன, போய்விட்டு வருகிறேன் என்பவை. போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு தமிழ் வீட்டு வாசற்படியை ஏன் தாண்டக்கூடாது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லித்தராது. அதைச் சொல்லித்தர, நல்ல வாக்கியங்களும் நாலு கதைகளும் கொண்ட ஒரு சின்னப் புத்தகம் போதும். அதை எழுதும் பொறுப்பைப் புலவர்களிடம் மட்டும் விட்டுவிடாமல், பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பிழைப்பு நடத்துகிற கதாசிரியர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.