மொட்டை முனையின் விலை

மத்ரீத் அரண்மனையின் ஆயுதக்கூடத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் கவசங்கள் அணிவகுத்து நிற்கின்றன. அத்தகைய கூடங்கள் மன்னர்களின் பெருமையைக் காக்க எழுந்தவை. கழுதைக்காரரும் மீனவரும் ஆட்டிடையரும் இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்ட கத்தியை அங்கே யார் தேடப் போகிறார்கள்? ஏழையின் கத்தி தேயும்வரை சாணை பிடிக்கப்படும். தேய்ந்தபின் பழைய இரும்போடு போய்ச் சேரும். ஸ்பெயினின் நவாஹா, சார்தீனியாவின் பத்தாதா ஆகிய மடக்குக் கத்திகளும், வெள்ளி உறையிட்ட கிரீட் குத்துவாளும், மொராக்கோவின் வளைந்த கும்மியாவும் இன்று பார்க்கக் கிடைக்கின்றன என்றால், அதில் தனியார் சேகரிப்பாளர்களின் ஆசைக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தத் தொண்டைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. சிக்கல், அவர்கள் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. குறையற்ற உடல், பெரிய அளவு, இரத்தம் சொட்டும் கதை இம்மூன்றுக்கும் சந்தை அள்ளிக் கொடுக்கிறது. எந்தச் சான்றுக்காக இந்தக் கத்திகளைக் காக்க வேண்டுமோ, அந்தச் சான்றையே இந்த விலைமுறை அரித்துவிடுகிறது.

இத்தாலியைப் பார்ப்போம். கத்திக்குத்துகளை ஒடுக்கப் பிரதமர் ஜியோலிட்டியின் அரசு 1908இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூர்முனை உள்ள கத்தியின் அலகு 4 சென்டிமீட்டரைத் தாண்டினால், தக்க காரணமின்றி அதை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்றது அது. ரொட்டி அறுக்கவும், கொடி நறுக்கவும், ஆட்டுத்தோல் உரிக்கவும் கத்தி வைத்திருப்பவருக்கு அந்த அளவு எந்த மூலைக்கு? கொல்லர்கள் குறுக்குவழி கண்டார்கள்: அலகை நீளமாகவே விட்டு, முனையை மட்டும் நறுக்கினார்கள். தஸ்கனியின் ஸ்கார்பெரியாவில் மொட்டை முனைக் கத்தி தனி வகையாகவே வளர்ந்தது. வீட்டிலிருந்த பழங்கத்தியின் முனையை ஒடித்துவிட்டாலும் காரியம் முடிந்தது. அரசு என்ன பயந்தது, உழவர் எதை விட்டுக்கொடுக்க மறுத்தார், கொல்லர் இருவருக்கும் நடுவே எப்படிப் புகுந்து வெளியே வந்தார் என்பதையெல்லாம் அந்த ஒரு விரல்கடை இரும்பில் படித்துவிடலாம். சந்தையோ அதைச் சேதம் என்று கழித்து விலை பேசுகிறது. அதைவிட மோசம், முனையை மறுபடி தீட்டிக் கூராக்கி, ‘சீரமைக்கப்பட்டது’ என்று பெருமையோடு விற்பது. அங்கே போவது கொஞ்சம் இரும்பு மட்டுமல்ல, 1908ஆம் ஆண்டும்தான்.

கதைக்குக் கொடுக்கும் விலை இன்னும் சிக்கலானது. பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமே 1839இல் கோர்சிகாத் தீவில் பயணம் செய்தார். மறு ஆண்டே பழிவாங்கலை மையமாகக் கொண்ட அவருடைய ‘கொலம்பா’ கதை வெளிவந்தது. பின்பு அந்தத் தீவுக்குப் போனவர்கள் இயற்கையோடு சேர்த்து ஒரு குத்துவாளையும் எதிர்பார்த்துப் போனார்கள். எதிர்பார்ப்பு இருந்தால் சரக்கும் வந்து சேரும் அல்லவா? பழிக்குப்பழி வாசகம் பொறித்த ‘கோர்சிகக் கத்திகள்’ பலவற்றின் பிறந்த இடம் கோர்சிகா அல்ல, நடு பிரான்சின் கத்தி நகரமான தியேர். தீவின் இடையர் கையில் இருந்ததோ ஆட்டுக்கொம்புப் பிடி போட்ட எளிய மடக்குக் கத்தி. ஸ்பெயினிலும் இதே கதைதான். 1855இல் அல்பசேத்தேவுக்கு ரயில் வந்ததும், கத்தி வியாபாரிகள் இடுப்பைச் சுற்றிச் சரக்கை மாட்டிக்கொண்டு நிலையத்துக்கே போய் விற்றார்கள். 1862இல் ஓவியர் தொரேயும் பாரன் தவில்லியேவும் ஸ்பெயினைச் சுற்றினார்கள். தொரே வரைந்த நவாஹாச் சண்டைப் படங்கள் வாசகரின் மயிர்க்கால்களைச் சிலிர்க்கவைத்தன. திறக்கும்போது கடகடவென்று பல் விழும் மாபெரும் நவாஹா ஒன்று இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் மிரட்டிக்கொண்டிருக்கலாம். அது யாரையும் குத்தாமல், ரயில் பயணி ஒருவர் பேரம் பேசி வாங்கிய நினைவுப் பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

‘அந்தக் கட்டுக்கதையும் வரலாறுதானே?’ என்று கேட்கலாம். வலுவான கேள்வி. தியேரில் செய்த கோர்சிகக் கத்தி, 19ஆம் நூற்றாண்டுச் சுற்றுலாவுக்கு முதல்தரமான சாட்சி. ஆனால் அதைச் சுற்றுலாக் கத்தி என்று பெயரிட்டு வைத்தால்தான் சாட்சி. கொள்ளைக்காரனின் கத்தி என்று வைத்தால் பொய்ச்சாட்சி. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடியவர்களும் பெரும்பாலும் சேகரிப்பாளர்களே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெனிஸ் பீரங்கிக்காரர்களின் ஒல்லியான குத்தூசி வாள்களில் குண்டின் எடையைக் கணிக்க எண்ணும் கோடும் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு அது நுட்பமான அளவுகோல். பலவற்றை அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கோ, சிலவற்றில் அந்தக் கோடுகள் எதையும் அளக்க உதவாத அலங்காரம் என்று புரிந்தது. ஆயுதம் வைத்திருக்கத் தடை இருந்த ஊரில், ‘நான் பீரங்கிக்காரன்’ என்று காட்டிக்கொள்ள அந்தக் கோடுகள் போதுமாக இருந்திருக்கலாம் என்ற விளக்கமும் அப்படிப் பிறந்ததுதான். ஒரே வகையில் பத்து இருபது சேர்க்கும் பித்து இல்லாமல் இந்த ஒப்பீடு நடக்காது.

கொலைக்கருவியைப் போற்றுவது வன்முறையைப் போற்றுவதே என்ற குற்றச்சாட்டு எனக்கு அவ்வளவு கனமாகத் தெரியவில்லை. இவற்றில் முக்கால்வாசி பாலாடைக்கட்டி வெட்டியவை. குத்துவாள் என்ற சொல்லுக்கு மயங்கி அதை மறைக்கும் விற்பனைப் பட்டியல்தான் வன்முறைக்கு அழகு சேர்க்கிறது.

உண்மையான சிக்கல் வேறு. தேய்மானத்துக்கும் மொட்டை முனைக்கும் மதிப்பு கூடினால், போலி செய்பவர்கள் அவற்றையும் செய்யத் தொடங்குவார்களே? செய்வார்கள், ஐயமில்லை. ஆனால் இரண்டு போலித்தனமும் ஒரே அளவு எளிதல்ல. பழிவாங்கும் வாசகத்தை அமிலம் கொண்டு அலகில் அரித்துவிட்டால் வேலை முடிந்தது. மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. பல ஆண்டுச் சாணையோ கத்தி முழுவதிலும் பேசும். அலகு ஒடுங்கி, பிடியின் பள்ளத்தில் தளர்ந்து உட்காரும். தறையாணியின் துளை ஒருபுறமாக இழுபட்டிருக்கும். வில் அழுத்தும் இடம் வழவழப்பாகியிருக்கும். கட்டைவிரல் படும் பக்கத்தில் கொம்பு மெலிந்திருக்கும். இவை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரு போலியைச் செய்ய, அதற்குக் கிடைக்கும் விலையைவிட அதிக உழைப்பு வேண்டும்.