எழுதுவோரும் படிப்போரும்: தற்காலப் பிரெஞ்சு நாவலில் மூவிடப் பெயர்கள்

முன்னுரை

1968இல் ரொலான் பார்த் ‘ஆசிரியரின் மரணம்’ என்னும் கட்டுரையைப் பிரெஞ்சில் வெளியிட்டு, பனுவலின் பொருள் ஒருங்கு திரளும் இடம் வாசகரே என வாதிட்டார். ஆயினும் பின்வந்த பிரெஞ்சு நாவல்களில் ஆசிரியர் மறைந்துவிடவில்லை. தம் பெயரோடும் குடும்பத்தோடும் மீண்டு வந்தார். 1977இல் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி தம் நாவலொன்றைக் குறிக்கப் படைத்த ‘தற்புனைவு’ என்னும் சொல் இம்மீள்வரவுக்குப் பெயராயிற்று. மீண்டு வந்த ஆசிரியர் வாசகரை எங்கே நிறுத்துகிறார்? இவ்வினாவிற்குக் கதைப்பொருளைக் காட்டிலும் தன்மை, முன்னிலை, படர்க்கைப் பெயர்களே தெளிவான விடை தருகின்றன என்பதை இக்கட்டுரை மூன்று நாவல்கள் வழி நிறுவ முயல்கிறது.

முன்னிலை: அழைக்கப்படும் வாசகர்

மிஷேல் புய்த்தோரின் ‘மாற்றம்’ (1957) இதற்கு முன்னோடி. பாரிசிலிருந்து ரோமுக்கு இரயிலில் செல்லும் லெயோன் தெல்மோன், மனைவியைப் பிரிந்து காதலியோடு வாழும் எண்ணத்துடன் புறப்படுகிறார். வழியில் அவ்வெண்ணம் கரைந்து போகிறது. அவரை நாவல் ‘நீங்கள்’ என்றே விளிக்கிறது. இருக்கையில் அமர்பவரும் தடுமாறுபவரும் வாசகரே. இறுதியில் அவர் எழுத விழையும் நூல் வாசகர் கையிலிருக்கும் நூலாகவே தோன்றுகிறது. இங்கு ஆசிரியர் தம்மைக் காட்டாமலே வாசகரை ஆள்கிறார்.

தன்மை: ஐயுறும் வாசகர்

டெல்ஃபின் தெ விகான் தம் தாயின் வாழ்வை 2011இல் நூலாக்கினார். ‘உண்மைக் கதையொன்றன் அடிப்படையில்’ (2015) என்னும் அடுத்த நாவலின் கதைசொல்லியும் டெல்ஃபின் என்னும் எழுத்தாளரே. குடும்பத்தைப் பற்றிய நூலின் வெற்றிக்குப்பின் எழுத இயலாதிருக்கும் அவரிடம் ‘எல்’ என்னும் பெண் நெருங்கி, வாசகர்கள் வேண்டுவது உண்மையையே என வற்புறுத்துகிறாள். அப்பெண் இருந்தாளா என்பதற்கு நாவல் உறுதியான விடை தருவதில்லை. ஆசிரியர் பெயர் இங்கே வாய்மைக்குச் சான்றாகாமல் ஐயத்தின் ஊற்றாகிறது. வாசகரின் உண்மை வேட்கையே ‘எல்’ என உருக்கொண்டது எனக் கொள்ளவும் இடமுண்டு.

உளப்பாடு: சேர்க்கப்படும் வாசகர்

2022இல் நோபல் பரிசு பெற்ற அன்னி எர்னோவின் ‘ஆண்டுகள்’ (2008) வேறு வழியில் செல்கிறது. தன் வாழ்வையே கூறினும் கதைசொல்லி தம்மை ‘நான்’ எனச் சுட்டுவதில்லை. நிழற்படங்களில் காணும் பெண் ‘அவள்’. அல்ஜீரியப் போரையும் 1968 மே எழுச்சியையும் நுகர்பொருட் பெருக்கத்தையும் கடந்து வரும் தலைமுறையோ ‘நூ’, ‘ஓன்’ என்னும் பெயர்களால் பேசுகிறது. முன்னது தன்மைப் பன்மை. பின்னது ‘யாரோ’, ‘எவரும்’ என்பவற்றோடு தன்மைப் பன்மைக்கும் இடந்தருவது. இவற்றுள் வாசகர் அடங்குவரா என்பதைப் பிரெஞ்சு இலக்கணம் சொல்லாது விடுகிறது.

தமிழோ சொல்லியாக வேண்டும். உளப்பாட்டுத் தன்மைப் பன்மையை முன்னிலையாரை உட்கொள்வது, படர்க்கையாரை உட்கொள்வது என நன்னூல் விகுதிகளால் பிரித்தது. இன்று அவ்வேறுபாடு ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் பெயர்களில் வாழ்கிறது. ‘நாம்’ எனப் பெயர்த்தால் தமிழ் வாசகர் அத்தலைமுறையின் நினைவுக்குப் பங்காளியாவார். ‘நாங்கள்’ என்றால் கேட்போராக மட்டும் நிற்பார். அந்நாவலின் குரல் குடியேறியோரைப் பற்றிப் பேசும் பகுதிகளில் இத்தேர்வு இன்னும் கூர்மையடைகிறது. பிரான்சில் வளர்ந்த தமிழர் அப்பகுதியை ‘நாம்’ எனப் படிக்கையில், பேசுவோர் கூட்டத்திலும் பேசப்படுவோர் கூட்டத்திலும் ஒருங்கே நிற்க நேர்கிறது. ‘நாங்கள்’ என்பது மூலத்தில் மறைந்திருக்கும் விலக்கலை வெளிப்படையாக்கிவிடும்.

முடிவுரை

இதற்கு வழியும் தமிழிலேயே உண்டு. இக்கால வழக்கில் ‘ஓம்’ விகுதி இருவகைக்கும் பொது; எனவே எழுவாயை விடுத்து ‘கண்டோம்’, ‘மறந்தோம்’ என வினைமுற்றால் மட்டும் கூறின் மூலத்தின் திறந்த நிலை காக்கப்படும். ஆனால் ‘நம் வீடு’, ‘எங்கள் வீடு’ போன்ற வேற்றுமை வடிவங்களில் தேர்வு தவிர்க்கவியலாதது. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் இடந்தோறும் ஆய்ந்து தேர்ந்து, தம் தேர்வின் காரணத்தை முன்னுரையில் கூறுதல் வேண்டும். அவர் எழுதும் ஒவ்வொரு ‘நாமும்’ அந்நாவலைப் பற்றிய ஒரு திறனாய்வுத் தீர்ப்பேயாகும்.