வீடு போன அகழிகள்

வார்விக்‌ஷயரின் பேட்ஸ்லி கிளின்டன் மாளிகையில் சுவர் நேரே தண்ணீரிலிருந்து எழும்புகிறது. 1591-இல் அரசின் ஆட்கள் தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கப் பாதிரியார்களைத் தேடிச் சோதனை போட வந்தபோது, அவர்களில் சிலர் அகழி மட்டத்தில் இருந்த பழைய சாக்கடைக்குள் கால் நனையப் பல மணி நேரம் நின்று தப்பினார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனாலும் வீடே மிஞ்சாத அகழிகள்தான் எனக்கு ஒரு படி மேல்.

இங்கிலாந்தில் சுமார் 6,000 அகழி மனைகள் இதுவரை தெரியவந்துள்ளன. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடையில் வெட்டியவை. சஃபோக், எசெக்ஸ் பக்கத்துக் களிமண் பூமியில் அவை நெருங்கிக் கிடக்கின்றன. களிமண் தண்ணீரைக் கீழே இறங்க விடாது. வெட்டிய மண்ணை நடுவில் கொட்டினால் மனையும் உயரும், தரையும் சேறாகாது. மீனும் வளர்க்கலாம். கள்ளனைத் தடுக்கலாம், படையைத் தடுக்க முடியாது. கோட்டை கட்ட வசதியில்லாத சின்னப் பிரபுவின் மிடுக்கு அது என்றே நினைக்கிறேன்.

இவற்றைப் பார்க்கக் குளிர்காலச் சாய்வெயில் வேண்டும். உச்சி வெயிலில் வெறும் மேய்ச்சல் நிலம். வெயில் சாய்ந்ததும் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் முளைக்கும். சதுரப் பள்ளம், உள்ளே போகும் மண்பாலம், தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால், மீன்குளத்தின் கரை எல்லாம் புல்லுக்கடியிலிருந்து எழுந்து வரும். மாரிஸ் பெரஸ்ஃபர்டும் செயின்ட் ஜோசப்பும் 1958-இல் வெளியிட்ட வான்படத் தொகுப்பு இந்த நிழல்களின் புண்ணியத்தில் உருவானதுதான்.

சுற்றிலும் உள்ள பழைய உழவு வரப்புகளையும் விடக்கூடாது. அவை நேராக ஓடுவதில்லை. 'எஸ்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல மெல்ல வளைகின்றன. பல ஜோடி எருதுகள் பூட்டிய நீண்ட ஏரை வயலின் கடைசி வரை ஓட்டிவிட்டுத் திருப்ப முடியாது, முன்கூட்டியே வளைக்க ஆரம்பிக்க வேண்டும். உழவன் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. அவன் மாடு திரும்பிய வளைவு எழுநூறு வருடமாகப் புல்லில் இருக்கிறது.

அழகுக்காக அகழியைத் தூர்வாருகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். காற்றுப் புகாத அந்த ஈரச் சேற்றில்தான் மரத்துண்டும் தோல் செருப்பும் விதைகளும் மக்காமல் கிடக்கும். அதை அள்ளி வயலில் கொட்டிவிட்டு அல்லிக்கொடி நடுகிறார்கள்.