தருமி (திருவிளையாடல்)
தாராபுரத்தில் பிறந்த நாகேஷ், ஏ.பி. நாகராஜன் இயக்கிய திருவிளையாடல் (1965) படத்தில் ஏழைப்புலவர் தருமியாக நடித்தார். பழம் கிடைக்காமல் சினந்து பழனிமலைக்கு வந்த முருகனிடம் பார்வதி சொல்லும் கதைகளுள் ஒன்று தருமியுடையது.

மதிப்பீடு

இன்று தருமியின் காட்சிகள் பெரும்பாலும் தனித்த நகைச்சுவைத் துணுக்குகளாகவே பார்க்கப்படுகின்றன. முழுப்படத்தில் அவை வறுமையின் சித்திரமாகின்றன. சிவனும் நக்கீரரும் பாடலின் பொருட்குற்றம் பற்றி வாதிடுகின்றனர். தருமிக்கு அது ஆயிரம் பொற்காசு, அதாவது சோறு. கோயிலில் தனியே புலம்புகையில் உள்ள துடுக்கு, அவையில் பாடல் மறுக்கப்பட்டதும் உடல்குறுகி அச்சமாகிறது. அந்த மாற்றமே நாகேஷின் நடிப்பை வெறும் வசனவேகத்திலிருந்து உயர்த்துகிறது. கைக்கெட்டிய பரிசு நழுவுவதன் வலி, பழம் இழந்த முருகனுக்கும் தருமிக்கும் பொதுவானது. துணுக்குகளில் விடுபடுவது இந்த இணைப்பே.